என் காதைப் பார்த்த மிஸ்

காதில் தொடங்கிய கிருமி மண்டையோட்டு எலும்பு வரை இறங்கி, கல்முனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வலி தாடை வரை இழுத்தது. மூன்று தடவை சீழ் எடுத்துச் சோதித்தும் எந்தக் கிருமியென்று பிடிபடவில்லை. கடைசியில் ஆய்வுகூடத்து மிஸ் ஒருவர் டொக்டருக்குப் போன் எடுத்து, "மருந்து விடுறத ரெண்டு மூணு நாள் நிப்பாட்டிட்டு எடுத்து அனுப்புங்க. மருந்து பட்டா கிருமி வளராது" என்றாராம். அப்படியே செய்தார்கள், கிருமி அகப்பட்டது. அதற்குரிய ஊசியை ஆறு கிழமை ஏற்றினார்கள். வலி விட்டது.

வீட்டுக்குப் போகும் நாளில் நன்றி சொல்ல அவரைத் தேடிப் போனேன். நடையின் கடைசி அறை. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த முகம், மூக்கில் சறுக்கும் கண்ணாடி. கிருமி வளர்க்கும் தட்டொன்றை வெளிச்சத்தில் பிடித்து அதோடு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்.

நான் யாரென்று சொன்னதும் எழுந்து வந்தார்.

"காதக் கொஞ்சம் காட்டுங்க நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

திரும்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஆறியிரிக்கு. இத்தின வருசமா சீழத்தான் பாத்திரிக்கன். சுகமான ஆள் ஒருத்தரும் இஞ்ச வந்ததில்ல."

பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க, கொஞ்ச நேரம் கதைச்சிட்டுப் போங்களன்."

"வெளியில ஓட்டோ நிக்குது மிஸ்."

"ஓம், ஓம். போயிட்டு வாங்க" என்று கதிரையை உடனே பழைய இடத்தில் வைத்துவிட்டார்.

ஓட்டோ என் மச்சானுடையது. எவ்வளவு நேரமானாலும் நின்றிருப்பார். நான் ஏன் உட்காரவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.