பாட்டுக்குள்ளை கேட்ட ‘வாறன்’

ஆவி, குறி எண்டு ஆரும் கதைக்க வெளிக்கிட்டால் நான் முதல் கேக்கிறது, “எந்த நாள்? ஆர் கண்டது? கண்டவரிட்டை நேரை கேட்டனீங்களோ?” எண்டுதான். பாதிக் கதை அதிலயே விழுந்துபோகும். உடுவில் பக்கத்துக் கேணி, கோயில், பழைய வீடுகளைப் பற்றி வருசம் சரிபாத்து எழுதி வைக்கிறது என்ரை பொழுதுபோக்கு. ஆதாரம் இல்லாத ஒண்டையும் அதில சேர்க்கிறதில்லை. இதுக்கு ஆதாரம் இல்லை, அதால இதையும் சேர்க்கேல்லை. இஞ்சை மட்டும் சொல்லுறன், நம்பினா நம்புங்கோ.

குருநகர் அன்ரன் என்ரை கூட்டாளி. வள்ள எஞ்சின் திருத்திறவன், என்னைவிட இளையவன், “அண்ணை” எண்டுதான் கூப்பிடுவான். சேர்ச்சில ஞாயிறு பூசைக்குப் பாடுவான். வீட்டில கேக்கிறதெல்லாம் ஒரு வெள்ளைக்கார றொக் பாடகரை. எழுபது தாண்டியும் மேடையில நிண்டு கத்திற மனுசன். பேர் சொல்லேல்லை, பிறகு நான் எழுதினது பிழையெண்டு ரசிகர்மார் சண்டைக்கு வருவினம்.

அன்ரனுக்குத் தொண்டையில புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும், பிந்தினால் கஷ்டம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இவன் மாட்டன் எண்டு நிண்டான். அவன்ரை மனுசி ஸ்ரெல்லா அழுது பாத்தா, சேர்ச் சுவாமியார் வந்து கதைச்சுப் பாத்தார், கடைசியா நான் போனன்.

“அண்ணை, நீங்கள் பாட்டே கேக்காத மனுசன். குரல் போனாப் போகட்டும் எண்டு லேசாச் சொல்லுவியள்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“அந்தப் பாடகரின்ரை அல்பம் எல்லாத்தையும் முதலிலயிருந்து கேளுங்கோ. முடிச்சிட்டு வந்து, குரலில்லாமலும் இருக்கலாமடா எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் ஆசுப்பத்திரிக்குப் போறன்.”

“ஒண்டிரண்டை விட்டிட்டுக் கேட்டால்?”

“உங்களுக்கு ஏலாது அண்ணை. ஒரு வருசம் விடுபட்டாலே உங்களுக்கு நித்திரை வராது.”

உண்மைதான். ஒலிப்பதிவு செய்த வருசம் வேறை, வெளிவந்த வருசம் வேறை எண்டு பிரிச்சு, ஒழுங்கு பண்ணித்தான் கேட்டன். முதல் அல்பங்கள் தகரக் கூரையில கல்லெறிஞ்ச மாதிரி இருந்தது. போகப்போகக் கால் தானாத் தாளம் போட்டுது. நடுவில அவருக்குக் குரல் கெட்டு, இனி ஆள் சரிவராது எண்டு விமர்சகர்மார் கைவிட்ட காலம் ஒண்டு வருது, நம்பமாட்டியள், எனக்கு அந்த அல்பங்கள்தான் ஆகப் பிடிச்சது. எட்டாத சுரத்துக்கு மனுசன் எட்டிப் பாக்கிறதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பிடிக்கப்பிடிக்க எனக்குப் பயமும் வந்துது. அன்ரன் இழக்கப்போறது என்னெண்டு இப்ப எனக்கும் விளங்கத் தொடங்கிற்று, அவன்ரை முகத்தைப் பாத்து அதை எப்பிடிச் சொல்லுறது?

கடைசி அல்பத்தை ஒரு பின்னேரம் கேட்டன். வெய்யில் முற்றத்தில நிண்டுது, என்ரை மனுசி முன்னறையில ரீவி நாடகம் பாத்துக்கொண்டிருந்தா. ஒரு பாட்டுக்கு நடுவில கித்தார் தனியப் போற இடம். அதுக்குள்ளை, காதுக்குக் கிட்ட, “வாறன் அண்ணை” எண்டு கேட்டுது. அன்ரன்ரை கரகரத்த குரல்.

காதில மாட்டியிருந்த இயர்போனைக் கழட்டிப்போட்டு வாசல் படலையடியைப் பாத்தன். ஒருத்தருமில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டன், கித்தார்தான். இன்னொருக்கால் கேட்டன், கித்தார்தான்.

எங்கடை ஆக்கள் வெளிக்கிடேக்கை ‘போறன்’ எண்டு சொல்லுறதில்லையெல்லோ. கடைக்கெண்டாலும் கனடாவுக்கெண்டாலும் ‘வாறன்’ தான். அவன் முடிஞ்சுபோனான் எண்டே நினைச்சன். போன் அடிச்சன், எடுக்கேல்லை. மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதியால எப்பிடிப் போனன் எண்டு இண்டைக்கும் தெரியாது.

வாசலில ஓட்டோ நிண்டுது. அன்ரன் கையில பையோடை படியில நிண்டான்.

“ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டிட்டம், அண்ணை.”

“நீ இப்ப என்னட்டை வாறன் எண்டு சொன்னியோ?”

“உங்களிட்டையோ? நான் இவரிட்டையெல்லோ சொன்னனான்.” சுவரில ஒட்டியிருந்த பாடகரின்ரை படத்தை நாடியால காட்டினான். “அவரும் எனக்கு அண்ணைதானே.”

“மாதாவுக்கு முன்னால ஒரு சிலுவை அடையாளம்,” எண்டா ஸ்ரெல்லா, “உந்தச் சடைமயிர்க்காரனுக்கு முன்னால ஒரு முழுப் பிரசங்கம்.”

“நான் இன்னும் கேட்டு முடிக்கேல்லையே,” எண்டன்.

“முடிச்சால், குரலில்லாமலும் இருக்கலாமெண்டு உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அண்ணை. அதுதான் முந்தி வெளிக்கிட்டன்.”

இவ்வளவுக்கும் நானே விளக்கம் சொல்லுவன். அவன்ரை நினைப்பாவே இருந்தன், மனம் காதுக்குள்ளை கதைச்சிருக்கும். ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது. மூச்சுவிடக் கழுத்தில போட்ட துளைக்கு மேல வெள்ளைத் துணி கட்டி வீட்டை கூட்டி வந்தினம்.

நான் போனால் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிச் சைகை காட்டுவான். ஒரே இயர்போன் வயர், ஒரு பக்கம் அவனுக்கு, மற்றப் பக்கம் எனக்கு. அந்த இடம் வர எனக்குக் கித்தார் மட்டும் கேக்கும். அவன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பான், கழுத்துத் துணி படபடக்கும். “என்னடா, உன்ரை குரலோ?” எண்டு ஒருநாள் கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினான். பகிடி விடுறான் எண்டு நினைச்சன். ஆனால் ஒவ்வொரு தரமும் சிரிப்பு வேறை வேறை இடத்தில வருது. சில நாள் சிரிக்கிறதில்லை, ஆரோ சொல்லுறதை மறுக்கிற மாதிரித் தலையை ஆட்டுவான்.

போன கிழமை, என்ரை பேர் காதில விழுந்த மாதிரி, பாதிச் சிரிப்பில நிண்டுபோய் என்னைத் திரும்பிப் பாத்தான். கனநேரம் பாத்தான். பிறகு என்ரை காதில இருந்ததை மெல்லமாக் கழட்டி எடுத்து, தன்ரை மற்றக் காதில வைச்சுக்கொண்டான்.