அத்தையின் சீர் லொறி

அத்தையைப் பெண் பார்க்க நாவுலயிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் முதலில் குளிப்பாட்டப்பட்டது அத்தை அல்ல, லொறிதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தன் ஒரே தங்கைக்குச் சீராகத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தது அந்த லொறியைத்தான். வருகிறவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு லொறியைப் பார்ப்பார்களா, லொறியைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்ப்பார்களா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

லொறி என்பது நாங்கள் மரியாதைக்குச் சொல்வது. ஒரு தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்துவிட்டு அப்பாவுக்கு விற்ற கார் அது. பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டுப் பலகையால் தட்டு அடித்திருந்தார்கள். முன்னால் துரை, பின்னால் கூலி என்று மாமா அதற்குப் பெயர் வைத்திருந்தார். மாமா அம்மாவின் தம்பி. மாத்தளை டவுனில் இருந்த எங்கள் மிளகுக் கடைக்குப் பல்லேபொல பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றி வருவதும், லொறிக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்ப்பதும் அவர்தான். வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை அதிகம், பொறுமை குறைவு.

அந்த வருடம் லொறிக்கு வந்த நோய் ஒழுகல். கியர்ப் பெட்டிக்குள் கித்துள் மரத்துப் பாணி மாதிரி கெட்டியாக ஒரு கறுப்பு எண்ணெய் இருக்கும். பெட்டியின் பின்புறம், சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில், அது சொட்டத் தொடங்கியது. முற்றத்தில் லொறி நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு. மிளகு காயப்போடும் பாயிலும் ஒருநாள் அந்தப் பொட்டு விழுந்துவிட, தன் தம்பியை அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

மாமா தண்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் வெளியேறாமல் தடுக்கிற வளையம் தேய்ந்து நாராகிக் கிடந்தது. புது வளையத்துக்குக் கண்டிக்குப் போக வேண்டும். மாமாவோ வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் கையில் அழகான ஒரு கம்பளி வளையம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வளையத்தை மாட்டியதும் ஒழுகல் பாதிக்குமேல் குறைந்தது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெட்டியின் மேல்மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைச் சுற்றிலும் எண்ணெய்க் கசிவைப் பார்த்த மாமா, மிச்ச ஒழுகலுக்குக் காரணம் இதுதான் என்று முடிவு செய்தார். துவைக்கிற கல்லில் இருந்த அத்தையின் சவுக்காரக் கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி அந்த ஓட்டையில் வைத்து அடைத்தார்.

"அந்த ஓட்டை ஒரு காரணத்துக்குத்தானே வச்சிருப்பாங்க?" என்று அத்தை கேட்டாள்.

"நீ அரிவரிக்குப் பாடம் சொல்லிக்குடு. எனக்கு வேணாம்" என்றார் மாமா.

அத்தை டவுன் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் படிப்பித்தாள். நானும் அவளிடம்தான் எழுத்துப் படித்தேன். கையைப் பிடித்து எழுத வைக்கும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை வீட்டில் நான் பார்த்ததில்லை. நாவுலக்காரர்கள் தங்கள் வீட்டு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எனக்குக் கல்யாணம் வேணாம் அண்ணே, பள்ளிக்கூடமே போதும்" என்று அத்தை அப்பாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "ஒன்னைய யாரு கேட்டா? ஊரு என்னையத்தானே கேக்கும்" என்றார் அப்பா. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பக்கத்து வீட்டு அக்காமார் எல்லோரும் முதலில் வேணாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு பட்டுச்சேலையில் சிரித்ததை நான் பார்த்திருந்தேன். கல்யாணப் பெண் வேணாம் என்று சொல்வதும் ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன்.

சவுக்காரம் வைத்தபின் ஒழுகல் நிற்கவில்லை, இரட்டிப்பானது. மாமா குறைந்த எண்ணெயை ஈடுகட்ட இன்னும் இன்னும் ஊற்றினார். ஊற்ற ஊற்ற ஒழுகியது. ஆட்கள் வருகிற காலையில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. டின்பால் டப்பா ஒன்றைக் கம்பியால் கியர்ப் பெட்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டார். "மூச்சு விட்டீங்கன்னா பாருங்க" என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பெரியம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை நாவுலயில் வேறொருவரின் லொறியில் காய்கறி ஏற்றுகிறவர். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். அவருடைய அப்பா தேத்தண்ணி குடித்த கையோடு, "வண்டிய ஒரு சுத்து பாத்துருவமா?" என்றார். ஆக, முதலில் லொறிதான். மாமா அவர்களை ஏற்றிக்கொண்டு நாவுல ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். டப்பா தன் கடமையைச் செய்தது. ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. கிழவர் இறங்கும்போதே முகம் மலர்ந்திருந்தார். அப்பாவுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

பிறகு அத்தையைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். பெரியம்மா மேலும் கீழும் பார்த்தார். நடக்கச் சொன்னார். கடைசியில், "பொண்ணு ஒரு வார்த்தை பேசட்டும். ஊமையா என்னான்னு தெரியணுமில்ல" என்றார். அது வழக்கம்தான். எல்லா வீட்டிலும் கேட்பார்கள், பெண்ணும் தன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடும்.

அத்தை தலையை நிமிர்த்தி மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"லொறியில எண்ணெ ஒழுகுதுங்க. கீழ டப்பா கட்டியிருக்கு. மேல உள்ள ஓட்டைய சவுக்காரத்தால அடைச்சிருக்காங்க" என்றாள். வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரல்.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்பா எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்புவோம். இது ஏமாத்துற எடம்" என்றார். மாமா சுவரோடு சுவராக நின்றார். எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அத்தை தானே செய்து காட்டிவிட்டாள் அல்லவா!

மாப்பிள்ளை புறப்படவில்லை. சட்டையைக் கழற்றித் திண்டில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், லொறிக்கு அடியில் நுழைந்தார். டப்பா முதலில் வெளியே வந்தது. அப்புறம் எழும்பி முன் இருக்கைக்குக் கீழிருந்த பலகையைத் தூக்கி, பெட்டியின் மேல்மூடியைத் தடவினார்.

"ஒரு ஊசி இருக்குமா?"

அத்தைதான் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினாள். அவர் சவுக்காரத்தைத் துளித் துளியாகக் குத்தி எடுத்தார். புஸ் என்று காற்று வந்தது.

"பெட்டி சூடேறுனா உள்ள காத்து பெருகும். மூச்சு விடுற ஓட்டைய அடைச்சா அது வேற எங்க போகும்? எண்ணெயத் தள்ளிக்கிட்டுப் பின்னால வரும்" என்றார். அளவுக்கு மேல் இருந்த எண்ணெயை வடித்துவிட்டார். பின்புறத்து வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "இதை வெட்டுனது யாரு? சுத்தமா வெட்டியிருக்காங்க. இது எங்க கெடச்சிச்சு?" என்றார்.

பாராட்டைக் கேட்டுப் பழக்கமில்லாத மாமா நிலை மறந்து, "மச்சானோட தொப்பி" என்று சொல்லிவிட்டார். அது துரை காரோடு சேர்த்து அப்பாவுக்குக் கொடுத்த கம்பளித் தொப்பி. கோயில் தேருக்கு மட்டும் போடுவதற்காக அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தது. சம்பந்தி வீட்டார் எதிரில் இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாமாவின் கதை முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை தனியாக லொறியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து நிறுத்தியதும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தரை காய்ந்தே கிடந்தது. கிழவர் இன்னும் துண்டோடுதான் நின்றார். மாப்பிள்ளை அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வந்து அப்பாவிடம், "வண்டி ஒழுகுனா அடைச்சிக்கலாங்க. இப்பிடி உள்ளத உள்ளபடி சொல்ற பொண்ணு எனக்கு வேற எங்கயும் கெடைக்காது" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கறை அப்பாவின் கையிலும் ஒட்டியது.

நான் அத்தையைத் தேடி ஓடினேன். அவள் கிணற்றடியில் அந்தக் கொண்டை ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! பேசி முடிச்சிட்டாங்க. நீங்கதான் வேணுமாம்!"

அவள் கை நின்றது. "எல்லாத்தையும் சொன்னேனே. அவருக்குக் கோவம் வரலியா?"

"வரவே இல்ல. நீங்க சொன்னதாலதான் புடிச்சிச்சாம். அவரு ரொம்ப நல்லவரு அத்தை."

"ஆமா" என்றாள். "நல்லவருதான்."

அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அத்தை சந்தோசத்துல அழுவுறாங்க!"

கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்த அம்மா உடைப்பதை நிறுத்தினாள். பிறகு ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து, "அழட்டும். நீ அங்க போகாத" என்றாள். சந்தோசத்தில் அழுகிறவர்களை ஏன் தனியாக விட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.