என் தலையில் அடித்த சத்தியம்

அப்பா என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தபோது எனக்கு ஒன்பது வயது. இனிமேல் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்பதுதான் சத்தியம். ஏற்பாடு முழுவதும் அம்மாவுடையது.

அதற்கு முன்னால் அப்பா மூன்று முறை சிகரெட்டை விட்டிருந்தார். முதல் தடவை பாக்கு மென்றார். இரண்டாவது தடவை டொபி சூப்பினார். எனக்கென்று வாங்கிய டொபியெல்லாம் அவர் வாய்க்குள் போனதால் அந்த முயற்சி எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை எதையும் மெல்லாமல் சும்மா விட்டுப் பார்த்தார். அது நான்கு நாள்கூட நிற்கவில்லை.

அவருக்கு நெஞ்சு பழுதாகியிருந்தது. இளவயதிலிருந்து நெல் ஆலையில் வேலை. உமித் தூசு ஒரு பக்கம், சிகரெட் மறு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து அவருடைய நுரையீரலைத் தின்றிருந்தன. எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு நான் ஒரே ஓட்டத்தில் போய்விடுவேன். அப்பா இரண்டு இடத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவார். யாராவது பார்த்துவிட்டால் வேலிக் கம்பு உக்கிவிட்டதா என்று ஆட்டிப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வார். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் நீல நிறப் பம்ப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அதே பையில்தான் சிகரெட்டும் இருக்கும்.

போன நுரையீரல் போனதுதான், திரும்பி வராது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் இன்றைக்கே நிறுத்துங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு அப்பாவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"புள்ளையில வேணாம்," என்றார் அப்பா. "சாமிப் படத்துக்கு முன்னுக்குச் செய்யிறன்."

"சாமிக்கு மூணுதரம் செஞ்சாச்சு. புள்ளையில செய்யுங்க."

அப்பா வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை என் உச்சந்தலையில் வைத்தார். கை கனமாக இருந்தது. "இனித் தொடமாட்டன்," என்றார். எனக்கு ஒரே பெருமை. கிளினிக்கில் கொடுத்த அத்தனை மருந்தையும்விட நான் பெரிய மருந்தாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையை மறுநாளே பள்ளிக்கூடத்தில் பக்கத்திலிருக்கும் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் எல்லாம் தெரிந்தவள். சத்தியத்தை மீறினால் மூன்று நாளைக்குள் பிள்ளையின் தலை வெடித்துவிடும் என்றாள். அவளுடைய மாமியின் ஊரில் அப்படி நடந்ததாம். நான் பயப்படவில்லை. அப்பாதான் விட்டுவிட்டாரே.

அடுத்த பதினொரு நாளும் வீட்டில் ஒரு புது மனிதர் இருந்தார். சிகரெட்டை விட்டால் இருமல் குறையும் என்று அம்மா எதிர்பார்த்தார், அது கூடியது. கறுவாப் பட்டையைக் கடித்துக் கடித்து அப்பாவின் உதடு புண்ணாகியது. விரல்களுக்கு வேலை இல்லாமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். வாய்ப்பாட்டைச் சத்தமாகப் படித்ததற்காக ஒருநாள் என்மேல் சீறி விழுந்தார். ஐந்து நிமிடத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை விட்டு விட்டு, ஏழாம் வாய்ப்பாட்டை என்னோடு சேர்ந்து சொன்னார். அம்மா ஊரிலிருந்த கடைகளுக்கெல்லாம் போய், இவர் வந்து கேட்டால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பின்நேரம், தேத்தண்ணி ஆறுகிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னை வாவிக்கரைக்கு அனுப்பினார். சதுப்பில் வளரும் கண்ணா மரங்கள் அடர்ந்த பக்கத்தில், கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்த தோணியொன்றின் மேல் அப்பா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி மீன்காரர் ஒருவர் வாயில் சிகரெட்டோடு வலையை உதறிக்கொண்டிருந்தார்.

பின்னால் போய் "பே" என்று கத்திப் பயமுறுத்தலாமென்று சத்தமில்லாமல் சுற்றிப் போனேன். அப்பாவின் வாயில் சிகரெட் இருந்தது.

ஒரு முறை இழுத்தார். உடனே இருமல் பிடித்து உலுக்கியது. குனிந்து, பையிலிருந்து பம்ப்பை எடுத்து இரண்டு தரம் உறிஞ்சினார். மூச்சு கொஞ்சம் இறங்கியதும் மறுபடி சிகரெட்டை வாயில் வைத்தார். இடது கையில் பம்ப், வலது கையில் சிகரெட். அப்போதுதான் நிமிர்ந்து என்னைக் கண்டார்.

நான் எதிர்பார்த்தது, அவர் அதைப் பதறி எறிவார் என்று. எறியவில்லை. என் கண்ணைப் பார்த்தபடியே இன்னும் ஒரு முறை இழுத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீரில் போட்டார்.

என் கை இரண்டும் தாமாகவே தலைக்குப் போயின. தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என் கைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அம்மாட்டச் சொல்லாத மகள்," என்றார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் நான் சாகப்போவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதை எப்படிச் சொல்வது? அப்பா தெரிந்துதான் செய்திருக்கிறார் என்பதே எனக்குள் திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டிருந்தது. என்னையும் சிகரெட்டையும் வைத்துப் பார்த்து, சிகரெட்டை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஈரத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று முழுவதும் அப்பா என்னையே பார்ப்பதும், நான் திரும்பினால் வேறு பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். ஒரு தடவை கிட்ட வந்து, "தலை இடிக்குதா மகள்?" என்று கேட்டார். தலை அந்த நிமிடமே இடிக்கத் தொடங்கியது. அவரே கேட்கிறார் என்றால் விஷயம் உறுதிதான்.

திங்கட்கிழமை என் கலர்ப் பென்சில் பெட்டியைச் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன். ஆசிரியை தந்த கணக்குகளைச் செய்யவில்லை; புதன்கிழமை கொண்டுவர வேண்டிய கணக்குகள் அவை.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா எனக்குப் பின்னல் போட உட்கார்ந்தார். ஒரு பக்கம் பின்னி முடித்து மறுபக்கம் சீப்பை வைத்ததும் நான் அலறிவிட்டேன்.

"என்னகா? பேன் கடிச்சுப் புண்ணாகிட்டா?"

"சீப்பு வைக்காதீங்க. வெடிச்சிரும்."

"என்ன வெடிக்கும்?"

"தல. அப்பா சிகரெட் பத்தினவர். இண்டைக்கு மூணாம் நாள்."

சீப்பு என் தலைமுடியிலேயே நின்றது. அம்மா சத்தம் போடவில்லை. வாசலில் பல் தீட்டிக்கொண்டு நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "இவட தலையில சத்தியம் அடிச்சிட்டா பத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, மூச்சும் வரவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. பம்ப்பை அழுத்தினார், மீண்டும் அழுத்தினார். உதடு நாவற்பழம்போலக் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா வேலிக்குக் குறுக்கே அயல்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். வீட்டில் தனியாக விட முடியாததால் பாதிப் பின்னலோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழி முழுக்க அம்மா கிளினிக் கொப்பியால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டே வந்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். சத்தியம் ஆள் மாறிப் பிடித்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். இளவயது டொக்டர் ஒருவர் ஓடி வந்து நெஞ்சில் குழாயை வைத்தார். அப்பா அந்தக் கையைத் தள்ளிவிட்டார். மூச்சுக்கு ஒரு சொல்லாக அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"புள்ள... தல... முதல்ல... அதப் பாருங்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. "பிள்ளை விழுந்துட்டுதா அம்மா?" என்று கேட்டார். அம்மா அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நேரம் போவதைப் பார்த்த டொக்டர் சட்டென்று என் பக்கம் திரும்பி, முடிக்குள் விரலை விட்டுத் தடவினார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். "ஒண்டுமில்ல ஐயா, பிள்ளை நல்லா இருக்கு," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா தன் நெஞ்சைத் தொடவிட்டார். டொக்டரே தேடிப் பார்க்கும் அளவுக்கு என் தலையில் ஏதோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

மிஸி என்று நாங்கள் கூப்பிடும் வெள்ளைச் சட்டைத் தாதி ஒருவர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "புகை பிடிச்சாச் சரியாகிடும்," என்றார். மூக்கையும் வாயையும் மூடும் மூடியொன்றை அப்பாவின் முகத்தில் மாட்டி, இயந்திரத்தைப் போட்டார். மூடியின் இரு பக்கத்தாலும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

மூன்றாம் நாள், என் கண் முன்னால், ஆஸ்பத்திரிக்காரரே அவருக்குப் புகை கொடுக்கிறார்கள். நான் மிஸியின் சட்டையைப் பிடித்து இழுத்து, "குடுக்காதீங்க, எனக்குத் தல வெடிச்சிரும்," என்று அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அது மருந்து, ஆவியாக உள்ளே போகிறது என்று மிஸி பொறுமையாக விளங்கப்படுத்தினார். அம்மா சுவரில் சாய்ந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என் தலை வெடிக்கவில்லை. புதன்கிழமை பென்சில் பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். சிநேகிதி தரமாட்டேன் என்றுவிட்டாள். கணக்குச் செய்யாததற்கு அடியும் வாங்கினேன்.

அப்பா அத்தோடு விட்டுவிட்டார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இல்லை. பிறகும் இரண்டு தடவை விட்டு, இரண்டு தடவையும் விழுந்தார். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான் ஒரேயடியாக விட்டார். யாருடைய தலையிலும் கைவைக்கவில்லை. கிளினிக்கில் ஒரு மிஸியிடம் வாராவாரம் போய், அந்த வாரம் எத்தனை பத்தினேன் என்று மறைக்காமல் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டார். போன நுரையீரல் வரவில்லை. இன்று வீட்டுக்குள் நடப்பதற்கே அவர் நின்று நின்றுதான் நடக்கிறார். ஆனாலும் இருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்நேரம் வார்டில் நடந்தது ஒன்று மிச்சமிருக்கிறது. அப்பாவின் முகத்திலிருந்து மூடியைக் கழற்றியிருந்தார்கள். மூடி அழுத்திய இடத்தில் சிவப்பாகத் தடம். என்னைக் கண்டதும் கிட்ட வரும்படி கண்ணால் கூப்பிட்டார். போனேன். ஊசி ஏற்றிய கையை மெதுவாகத் தூக்கி என் தலையைத் தடவ வந்தார்.

நான் தலையை இழுத்துக்கொண்டு, அம்மாவின் பின்னால் போய் நின்றேன்.

அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போர்வையின்மேல் இறங்கியது. இன்னொரு சத்தியத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்பினேன் என்ற நிம்மதியில் நான் அம்மாவிடம் பிஸ்கட் கேட்டேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூச்சு மறுபடியும் முட்டுகிறதாக்கும் என்று நினைத்து, மிஸியைக் கூப்பிட ஓடினேன்.