ஜமீர் பாயும் காலால் வாசிக்கிற பெட்டியும்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேஸ், பட்டன், நூல்கண்டு விற்கிற கடை வைத்திருந்தார் ஜமீர். அவருக்கு நாற்பது வயதை நினைத்தாலே பயம். தலை நரைக்கிறதே, தொப்பை விழுகிறதே என்கிற ஊர்க்கவலை இல்லை அது. அவருடைய அத்தாவுக்கு நாற்பதில்தான் காது போனது. ஊரே 'செவிட்டு பாய்' என்று கூப்பிட்டது. கூப்பிட்டதும் காதில் விழாததால் மனுஷன் கடைசிவரை யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மகனுக்கு நன்றாகவே விழுந்தது. பாவம், ஒவ்வொரு தடவையும் விழுந்தது.

இப்போது அந்தக் காது மகனிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வந்ததும் நேராக வந்து தொலைத்ததா என்றால் அதுவும் இல்லை. கடைக்கு வருகிற பெண்கள் பேசுவது ஓரளவு கேட்கும். ஆண்கள் அடிக்குரலில் பேசினால் பாதி விழுங்கிப்போகும். பெங்களூர் பஸ்ஸில் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் கண்டக்டர் பேசுவதெல்லாம் பளிச்சென்று கேட்கும், அமைதியான இடத்தில் உட்கார்ந்தால்தான் கேட்காது. யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? "என்னாங்க, கேக்கறப்போ மட்டும் கேக்குதா? நான் பேசுனா மட்டும் கேக்காதா?" என்று பெண்டாட்டி ஜுபைதா கேலி செய்வாள். அவளுக்கு அது கேலி. இவருக்கு உள்ளே திக்கென்றிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரே என்று அந்தப் பக்கமே போகவில்லை.

கடைதான் போய்விடும் என்று பயந்தாரா? இல்லை. செவிடனுக்கும் பட்டன் விற்கத் தெரியும், விரலைக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடலாம். அவர் பயந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. மாதம் ஒரு தடவை சரக்கு எடுக்க பெங்களூர் சிக்பேட்டைக்குப் போவார் ஜமீர். அப்படிப் போன ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கியது பழைய சாமான் விற்கிறவனின் தார்ப்பாய்க்குக் கீழே. அவன் ஒரு ரெக்கார்டை ஓடவிட்டிருந்தான். ஹார்மோனியம் மாதிரி, ஆனால் ஹார்மோனியம் இல்லை. சர்ச்சு ஆர்கன் மாதிரி, ஆனால் கோயிலில் அப்படிக் குதித்தால் ஃபாதர் வெளியே அனுப்பிவிடுவார். கொதிக்கிற சாம்பாரில் மூடி துடிக்குமே, அப்படி ஒரு துடிப்பு. மழை விட்டபிறகும் ஜமீர் நகரவில்லை. அமெரிக்காக் கறுப்பர்கள் வாசிக்கிறது, சோல் ஜாஸ் என்று பேர் என்றான் கடைக்காரன். ரெக்கார்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதைப் போட வீட்டில் பெட்டியே இல்லை என்பது ஓசூர் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய புத்திசாலி.

"தோசைக்கல்லு வாங்கிட்டு வாங்கன்னா, கருகிப்போன தோசைய வாங்கிட்டு வந்திருக்கீங்களே!" என்றாள் ஜுபைதா.

ஆனால் அந்தப் பஸ்ஸில்தான் அதிர்ஷ்டம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. அதியமான்கோட்டையைச் சேர்ந்த சென்றாயன், கரண்ட் ஆபீசில் ஃபோர்மேன். குழந்தையை அணைக்கிற மாதிரி ரெக்கார்டை அணைத்திருந்த ஆளைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுல பெட்டி இருக்குதுங்க பாய், வாங்களேன்" என்றார். அவருடைய அப்பா ஓசூரில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் சமையல்காரர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப்போன, ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த ரேடியோகிராம் அது. தேக்கு மரம், அரை ஆள் உயரம், உள்ளே பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம், பொட்டு. தெரியாமல் கால் பட்டுவிட்டால் சென்றாயன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் ஜமீர் அதியமான்கோட்டையில். பேர்பெற்றவர்களின் ரெக்கார்டு அவர்களுக்குத் தேவையில்லை. அதையெல்லாம் பெங்களூரில் விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் கிடந்தது ஜமீருக்கு. யாரும் கேள்விப்படாத ஆள், யாரும் கேள்விப்படாத கம்பெனி. பேர் வாயில் நுழையாததால் அட்டைப்படத்தைப் பார்த்து இவர்களே பேர் வைத்தார்கள். மஞ்சக்கோட்டுக்காரர், தொப்பிக்காரர், கோழி வெச்சிருக்கிற அம்மா. "மஞ்சக்கோட்டு அவசரக்காரன் பாய், தொப்பிக்காரருதான் நின்னு நிதானமா போவாரு" என்று சென்றாயன் சொன்னால், "நிதானம் வேற தூக்கம் வேறங்கண்ணா" என்பார் ஜமீர். டீ கொண்டுவருகிற சென்னம்மாள், "சோலுன்னா செருப்புக்கு அடியில வெச்சுத் தெக்கறதுதானுங்களே? அதுக்கு என்னாத்துக்கு இத்தன பஞ்சாயத்து?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவாள்.

பஞ்சாயத்து இருந்தது, உண்மைதான். அட்டையின் பின்பக்கம் மூன்று பேர்தான் போட்டிருக்கும். ஆர்கன் ஒருவர், கிதார் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். அப்படியென்றால் அடியில் தும் தும் என்று போகிற பேஸ் யாருடையது? ஜமீர் ஒரு அட்டைப்படத்தை உற்றுப்பார்த்துக் கண்டுபிடித்தார். ஆர்கனுக்குக் கீழே வரிசையாக மரக்கட்டை, அதன்மேல் ஷூ. "காலால வாசிக்கறாங்கண்ணா!"

சென்றாயனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது காத்து அடிக்கற கட்டைங்க. நாடகக்காரங்க கால்பெட்டி ஹார்மோனியத்துல மிதிக்கறாங்களே, அதாட்டம். சொரத்தப் போயி எவனாவது கால்ல வாசிப்பானா? வாத்தியம் பாய் அது! சரஸ்வதி!"

"அப்ப பேஸ் ஆகாசத்துல இருந்து வருதுங்களா?"

"நாலாவது ஆளு இருப்பான். பேரு போட வுட்டுட்டானுங்க."

வருஷக்கணக்காக இதே சண்டை. எந்த ரெக்கார்டு வந்தாலும் கடைசியில் காலில் வந்து முடியும். சண்டை முடிந்தால்தான் ஜமீர் பஸ் ஏறுவார். அவர் வாழ்க்கையில் வேறு எவரோடும் இப்படிப் பேசியதில்லை. கடையில் பேசினால் விலை, வீட்டில் பேசினால் குறை, பள்ளிவாசலில் பேசினால் ஊர்வம்பு. இங்கே மட்டும்தான் அவர் ஒரு ரசிகர்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தொப்பிக்காரரைப் போட்டார்கள். ஆர்கன் கேட்டது, கிதார் கேட்டது. அடியில் போகிற தும் தும் மட்டும் இல்லை. ஊசி தேய்ந்துவிட்டது என்று நினைத்தார் ஜமீர். நிமிர்ந்து பார்த்தால் சென்றாயனின் கட்டைவிரல் தொடைமேல் தும் தும் என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஜமீருக்கு அத்தா ஞாபகம்தான் முதலில் வந்தது.

அதற்கப்புறம் நடிப்புத்தான். பழைய ரெக்கார்டெல்லாம் மனப்பாடம், அதனால் தப்பித்தார். எங்கே தலையாட்ட வேண்டும் என்பதைச் சென்றாயனின் கட்டைவிரல் சொல்லிக்கொடுக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காது. தெரிந்தால் என்ன ஆகும்? சென்றாயன் நல்ல மனுஷர், வராதே என்று சொல்லமாட்டார். சொல்லாமல் இரக்கப்பட்டு, "உங்களுக்கு எதுக்குச் சிரமம் பாய்" என்பார். சண்டை போடமாட்டார். செவிடனோடு பாட்டைப்பற்றி எவன் சண்டை போடுவான்? அந்த இரக்கம்தான் ஜமீருக்கு எமன். புது ரெக்கார்டு வாங்குவதையே நிறுத்திவிட்டார். "நல்லது ஒண்ணும் சிக்கலைங்கண்ணா" என்று பொய் சொன்னார்.

எத்தனை மாதம்தான் சொல்ல முடியும்? ஒருமுறை சென்றாயனே ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போனவர், அதே தார்ப்பாய்க்காரனிடம் ஒன்றை வாங்கிவந்துவிட்டார். "பாய், ஞாயித்துக்கெழம வாங்க. நீங்க வந்தாத்தான் பிரிப்பேன்" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. ஜமீருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் போகாமல் இருக்க முடியாமல் போய்விட்டார்.

அட்டையில் பச்சைக் கார் ஒன்று. சென்றாயன் ஊசியை வைத்தார். ஜமீர் வழக்கம்போல் கட்டைவிரலைப் பார்த்தார். கட்டைவிரல் அசையவில்லை. சென்றாயன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெட்டியையே பார்த்தார். அப்படி லயித்துவிட்டாரா, இல்லை பிடிக்கவில்லையா? பாட்டு ஒன்று முடிந்தது.

"என்னா பாய், பேஸ் எப்பிடி?"

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். "அடேங்கப்பா! என்னா கனம், என்னா கனம்! தொப்பிக்காரரெல்லாம் இவருகிட்ட பிச்சை வாங்கணுங்கண்ணா. காலு பேசுது!"

சென்றாயன் எழுந்து பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். பெரிய ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. சின்ன ஸ்பீக்கர் மட்டும்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. பேஸ் என்று ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"பாய்," என்றார், முகம் சிவந்து. "என்னைய கேனையன்னு நெனச்சீங்களா? ஆசையா வாங்கியாந்தா, கேக்காமயே அளந்து வுடறீங்க?"

முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னதால் ஜமீருக்கு அதுவும் பாதிதான் விழுந்தது. சென்றாயன் திரும்பினார். மறுபடி ஏதோ கேட்டார், தணிந்த குரலில். ஜமீர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கத்தாவோட காதுங்கண்ணா," என்றார் கடைசியில். "வந்துருச்சு. மழைக்காலத்துல இருந்தே அடி கேக்கறதில்ல. நீங்க வெரல் ஆட்டறதப் பாத்துத்தான் ஆட்டுவேன். சொன்னா ஞாயித்துக்கெழம போயிருமேன்னு சொல்லல." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

ஆறுதல் சொல்லத் தெரிந்த மனுஷர் இல்லை சென்றாயன், ஒயர் சேர்க்கத் தெரிந்தவர். டேப்பைக் கொண்டுவந்து, கடிபட்ட முனையைச் சீவி, முறுக்கி, சுற்றினார். பெட்டியை ஜமீரின் நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். சத்தத்தைக் கூட்டி, ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஜமீரின் வலது காலைத் தூக்கினார்.

ஜமீர் பதறிப்போய்க் காலை இழுத்தார். "அண்ணா, வாணாங்க! பொட்டு வெச்ச பெட்டிங்க!"

"பொட்டு வெச்சவன் நாந்தானே. அதுகிட்ட நான் பேசிக்கறேன்," என்று குரலை உயர்த்தி, முகத்துக்கு நேராகச் சொன்னார் சென்றாயன். குங்குமத்துக்குப் பக்கத்தில், தேக்குப் பலகையின்மேல், ஜமீரின் உள்ளங்காலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு பலகை உள்ளே இருந்து தட்டியது. தும். தும் தும். குதிகாலில் ஏறி, முழங்காலில் ஏறி, இடுப்பு வரைக்கும் வந்தது. ஜமீரின் கட்டைவிரல் தானாகத் தொடைமேல் தாளம் போட ஆரம்பித்தது. அந்த விரலைத்தான் சென்றாயன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டும் தப்பவில்லை.

"செரி பாய்," என்றார். "கால்லதான் வாசிக்கறான். ஒத்துக்கறேன்."

டீயோடு வந்த சென்னம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஐயையோ! என்னாங்க இது, பெட்டி மேல கால…"

"கத்தாத சென்னம்மா," என்றார் சென்றாயன், பிடித்த காலை விடாமல். "பாய் பாட்டு கேட்டுக்கிட்டிருக்காரு."