கரண்ட் போனதும் வந்த தண்ணீர்

அரியலூரில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் விடும் முறை இன்று. இன்று பிடிக்காவிட்டால் மூன்று நாளைக்குக் கிடையாது.

குழாயில் நூல் போல ஒழுகியது. புதுக்குழாய் மாற்றிப் பார்த்தேன். அரைக்குடம்கூட நிறையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "சுண்ணாம்பு அடைச்சிருக்குங்க சார். நம்மூரு தண்ணி அப்புடி. தரையை ஒடச்சு பைப்ப மாத்திடுங்க."

அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. மெயின் குழாயிலிருந்து நேராகத் தண்ணீரை உறிஞ்சும் அவர் வீட்டு மோட்டார் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டாரைப் பற்றிச் சொன்னால் சண்டை வரும். தரையை உடைக்கக் கடப்பாரையை எடுத்தேன்.

கரண்ட் போனது. தெருவிலுள்ள மோட்டார்கள் எல்லாம் அடங்கின. என் குழாய் பீய்ச்சி அடித்தது.

"பாத்தீங்களா சார், அடைப்பு தானா வுட்டுருச்சு!"

ஆமாம் என்றேன். குடங்கள் நிறைந்தன.

அடுத்த முறையும் கரண்ட் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.