குத்தூஸ் பாய் ஓடிவிட்டாராம்

குத்தூஸ் பாய் மலையிறங்கி ஓடிவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் விடுதிச் சமையல்காரர் பொன்னுச்சாமி. அவருக்குப் பால்காரர் சொன்னாராம். பால்காரருக்கு டாக்ஸி ஸ்டாண்டில் யாரோ சொன்னார்களாம்.

"வெள்ளகவிப் பாதையில எறங்கி பெரியகுளத்துல பஸ் ஏறிட்டாராம் தம்பி. பாத்தவங்க இருக்காங்களாம்."

"யார் பார்த்தது?"

"அது தெரியல. ஆனா பாத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. முந்தின நாள் பொழுது சாயும்வரை அந்த மனிதருடைய காரில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் ஓடவில்லை, ஒரு மனிதனைத் தேடிப் போனார் என்று பஜாரில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் பினாங்கிலிருந்து படிக்க வந்தவன். போலீஸில் பதிவு செய்துகொண்டு இங்கே இருப்பவன். கத்தினால் யார் என்ன கேட்பார்களோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அப்துல் குத்தூஸின் வாப்பா கொடைக்கானல் பஜாரில் பூண்டும் உருளைக்கிழங்கும் கமிஷனுக்கு விற்றவர். மகனுக்கு மூட்டை பிடிக்கவில்லை, மூட்டை ஏற்றிவந்த லாரிதான் பிடித்தது. மலைப் பாதையில் கிளீனராக ஓடி, டிரைவராகி, பிறகு ஒரு பழைய காரை வாங்கி ஊர் சுற்றிக் காட்டத் தொடங்கினார். வாய் அதிகம். கேரம் விளையாட்டில் கூசாமல் ஏமாற்றுவார். வெள்ளைக்காரர்களிடம், "மேடம், நோ ஸ்டாண்டிங், டேஞ்சர் கமிங்" என்று அவர் பேசும் இங்கிலீஷ் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. நான் முதன்முதலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றபோது என் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "பினாங்குத் தம்பி, இதுவா கோட்டு? எங்க வீட்டுக் கோழி இதைவிடக் கனமாப் போத்தியிருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் பினாங்குத் தம்பி.

அவரைப் பற்றி ஊரில் ஒரு பழைய கதை உண்டு. அது கதையல்ல, நடந்ததுதான். நான் வருவதற்குச் சில வருஷம் முன்னால், ஒரு குடும்பத்தைப் பேரிஜம் ஏரிப் பக்கம் கூட்டிப்போய்த் திரும்பும்போது, பனிமூட்டத்தில் ஒரு பெரியவரை விட்டுவிட்டு வந்துவிட்டார். பெரியவர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தார். குடும்பம் இரண்டு கார்களில் வந்ததால் அவர் மற்ற காரில் இருப்பதாக இந்தக் காரில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அந்தக் காரில் இருந்தவர்களும் அப்படியே நினைத்தார்கள். மறுநாள் காலை பெரியவர் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தார். அதைக் கேட்ட குத்தூஸ் பாய் காரை அப்படியே போட்டுவிட்டு வெள்ளகவிப் பாதையில் இறங்கி ஓடினார். மலையடிவாரத்தில் கும்பக்கரைப் பக்கம் ஒரு மாந்தோப்பு பங்களாவில், தெரிந்த வாட்ச்மேனோடு பதுங்கியிருந்தார். சில வாரம் கழித்துத் தானாகவே மலையேறி வந்து ஸ்டேஷனில் நின்றார். வழக்கு நடந்தது, லைசென்ஸ் கொஞ்ச காலம் போயிற்று, பிறகு வந்தது.

அதற்குப் பிறகு அவரிடம் இரண்டு பழக்கங்கள். ஏற்றிவந்த தலைகளைக் கையால் தொட்டு எண்ணாமல் வண்டியை நகர்த்தமாட்டார். பெண்கள் என்றால் அவர்கள் உட்காரும் இடத்தைத் தொடுவார். இன்னொன்று, ரப்பர் பந்தை அழுத்தினால் கத்தும் பழைய ஹாரன் ஒன்றைக் கார்க் கதவோரம் மாட்டியிருந்தார். பனி மூடினால் இங்கே டிரைவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். எல்லா ஹாரனும் ஒரே மாதிரி கேட்கும். குத்தூஸ் பாயினுடையது மட்டும் எருமைக்கன்று கத்துவதுபோல இருக்கும். "இந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் வரணும். வேற எவன் அடிச்சாலும் நின்ன எடத்துலயே நிக்கணும்" என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

என் நண்பன் சேனாதிபதியும் அவன் மனைவி லீலாவும் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து, தைப்பூசத்துக்குப் பழனியில் வேண்டுதலை முடித்துக்கொண்டு, என்னைப் பார்க்கக் கொடைக்கானலுக்கு வந்தார்கள். சேனாதிபதி மொட்டைத் தலை முழுக்கச் சந்தனத்தோடு இருந்தான். குத்தூஸ் பாய் அவனைப் பார்த்ததும் தன் கழுத்திலிருந்த பழுப்பு மப்ளரை அவிழ்த்தார்.

"மாப்பிள்ளை, காதைக் கட்டுங்க. மொட்டைக்குள்ள குளிரு பூந்துட்டா பினாங்கு போய்ச் சேர்ற வரைக்கும் விடாது."

"உங்களுக்குக் குளிராதா பாய்?" என்றாள் லீலா.

"எனக்கா? எங்க வீட்டுக்காரி ரஹ்மத் பீவி திட்டுற திட்டு ஒண்ணு போதும்மா, நாளெல்லாம் சூடாக் கெடக்கும்."

தூண் பாறைக்குப் போனபோது வெயில் நன்றாகத்தான் இருந்தது. பழனியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பஸ்ஸும் அங்கே நின்றது. அதில் வந்தவர்களிலும் பாதிப் பேர் மொட்டை. வேர்க்கடலை வறுத்து விற்கும் பாப்பம்மாள், "இன்னைக்கு பூரா மொட்டையாத்தான் கெடக்கு, அடுப்பு எதுக்குன்னு இருக்கு, தலையிலயே கடலை வறுக்கலாம்" என்று சிரித்தாள். சேனாதிபதி கேமராவோடு வேலியோரம் போனான். அப்போது கீழேயிருந்து பனி ஏறி வந்தது. பாறை மறைந்தது, வேலி மறைந்தது, பிறகு என் கையையே நான் தேட வேண்டியிருந்தது.

எருமைக்கன்று கத்தியது. நானும் லீலாவும் அதைக் கேட்டுக் காருக்கு வந்தோம். சேனாதிபதி வரவில்லை. வேறு ஏதோ ஹாரனும் கேட்டது. ஒரு வண்டி புறப்பட்டுப் போகிற சத்தமும் கேட்டது. குத்தூஸ் பாய் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். வேலிப் பக்கம் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். அங்கே ஒரு கம்பி சாய்ந்து கிடந்ததாம். பல நாளாகவே அது அப்படித்தான் கிடந்தது என்று பாப்பம்மாள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முகம் மாறிவிட்டது.

"வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுத்தடம் ஒண்ணு எறங்குது. அதுல சறுக்கியிருப்பாரு. அடிபட்டுக் கெடந்தாலும் இந்தச் சத்தம் கேட்டா கொரல் குடுப்பாரு."

"போலீஸுக்குச் சொல்லுவோம் பாய். டவுனுக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"வண்டி நகராது தம்பி." அதட்டலாகச் சொல்லிவிட்டுக் கதவோரம் இருந்த ஹாரனை மறை கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஒரு தலை குறைஞ்சு இந்த வண்டி கெளம்பாது. நீங்க ரெண்டு பேரும் உள்ளயே இருங்க. கதவைத் தொறக்காதீங்க. யாரு ஹாரன் அடிச்சாலும் எறங்காதீங்க."

வேலியைத் தாண்டிப் போனார். ஹாரன் சத்தம் கீழே கீழே போனது. ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். லீலா ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தடவை நீளமாகக் கத்தியது. அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை.

வனத்துறை லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அதில் ஏறி, சேனாதிபதியும் லீலாவும் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்தோம். வராந்தாவில் சேனாதிபதி கழுத்தில் அந்தப் பழுப்பு மப்ளரோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"எங்கடா போயிட்டீங்க எல்லாரும்?" என்றான். "ஹாரன் கேட்டு நடந்தேன். பனிக்குள்ள பஸ் கிளீனர் ஒருத்தன் கையைப் பிடிச்சு, 'மொட்டைச்சாமி, எல்லாரும் ஏறியாச்சு, வெரசா ஏறுங்க'ன்னு தள்ளிட்டான். உள்ள பாத்தா பூரா மொட்டை. சரி, நம்ம கார் பின்னாலேயே வரும்னு உக்காந்துட்டேன்."

லீலா அவனைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து, "அந்த பாய் இன்னும் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்றாள். சேனாதிபதி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான்.

போலீஸும் டிரைவர்களும் பெட்ரோமாக்ஸோடு போனார்கள். பனியில் வேலிக்கு அப்பால் இறங்க முடியவில்லை. விடிந்ததும் இறங்கிப் பார்த்தார்கள். ஆட்டுத்தடம் இரண்டாகப் பிரியும் இடம்வரை செருப்புத் தடம் இருந்ததாம். ஒரு தடம் சுற்றிக்கொண்டு வெள்ளகவிப் பாதையில் சேரும். இன்னொன்று கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. பிரியும் இடத்துக்கு அப்பால் வெறும் பாறை, தடம் பதியாது. அவ்வளவு போதும் பஜாருக்கு. அன்றைக்கு ஓடியவன் இன்றைக்கும் ஓடினான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நானும் சேனாதிபதியும் மப்ளரை எடுத்துக்கொண்டு குத்தூஸ் பாய் வீட்டுக்குப் போனோம். ரஹ்மத் பீவி கதவருகே நின்று அதை வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம் மணக்குது" என்றார்.

"அக்கா, ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க" என்றேன். "அவர் ஓடலை. நான் பார்த்தேன். என்னைத் தேடச் சொல்லியிருந்தாக்கூட நான் இறங்கியிருக்க மாட்டேன், அவர் இறங்கினார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி அப்படிச் சொல்றீங்க? ஓடியிருக்கட்டுமே. ஊரு காறித் துப்பட்டும். ஓடுனவன் திரும்பி வருவான். முன்ன வரலையா? நீங்க சொல்றதுதான் நெசம்னா அவரு எங்க இருக்காரு? சொல்லுங்க."

காலையிலிருந்து நான் யாரிடமெல்லாம் கோபப்பட்டேனோ அவர்கள் சொன்னதையே அந்த அம்மாள் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மாந்தோப்பு பங்களாவுல போன் இருக்கு" என்றார். "அங்கதான் போயிருப்பாரு. பேசிக் கேட்டுச் சொல்லுங்க தம்பி. எனக்கு அந்த மெசின்ல பேசத் தெரியாது."

தபாலாபீஸில் டிரங்கால் போடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். ரஹ்மத் பீவி வெள்ளைத் துப்பட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். மப்ளர் அவர் கையில் இருந்தது. லைன் கிடைத்ததும் ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள். தூரத்தில் மணி அடித்தது. 'இங்கேதான் இருக்கார், வெள்ளனே வந்து சேர்ந்தார், கஞ்சி குடிச்சுட்டுத் தூங்குறார்' என்று ஒரு குரல் சொல்ல வேண்டும். அவர் என்னை ஏமாற்றிவிட்டு ஓடியிருக்க வேண்டும். நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது பொய்யாக வேண்டும்.

"நம்பர் போகுது சார். எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார் ஆபரேட்டர். "கட் பண்ணவா?"

"எடுக்கலையா தம்பி?" என்று சுவரோரத்திலிருந்து கேட்டார் ரஹ்மத் பீவி. "வாட்ச்மேனு தோப்புக்குள்ள இருப்பாரு. நடந்து வரணும்ல. விடாம அடிக்கச் சொல்லுங்க."

"அடிக்கட்டும் சார்" என்றேன்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.