அடிப்பிடித்த சட்டிகள்

அந்தச் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் அவளைத் 'தேய்ப்பு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சமையல் முழுக்கக் கல்சட்டியில். சட்டிகளை வேறு யாரும் கழுவ விடமாட்டாள். "சோப்புப் போட்டா கல்லு குடிச்சிரும். அப்புறம் சாப்பிடுறவங்க வாயில நுரை தள்ளும்" என்பாள். சூடு ஆறுவதற்குள் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, மரக்கரண்டியால் மெல்ல நெம்பி, கல்லுப்புப் போட்டுத் தேய்ப்பாள்.

சமையல் அவளுடைய அண்ணி. தேய்ப்பு அக்காவைப் புருஷன் விட்டுவிட்டுப் போன வாரமே, "வா, எனக்கு ரெண்டு கை பத்தல" என்று கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டவள். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு சட்டி அடிப்பிடித்து வந்தது. "தீ எகிறிடுச்சுடி" என்றாள் அண்ணி. அடுத்த வாரம் இரண்டு. ஒருநாள் கரியைப் பெயர்த்தபோது அடியில் உப்பு பாளம் பாளமாக அப்பியிருந்தது. போட்டதை மறந்து அண்ணி திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து தேய்ப்பு அக்கா முதலாளி வருவதற்குள் கருகிய சட்டிகளில் சமையல் சோடாவைக் கொதிக்கவைத்து, விரல் தோல் உரியத் தேய்த்து அடுக்கிவிடுவாள். ஏழு மாசம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

ஒரு மத்தியானம் அண்ணி வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு அப்படியே நின்றாள். கல் படீரென்று வெடித்தது. கடையே ஓடிவந்தது. "இது யார் வீட்டு அடுப்பு?" என்று கேட்டாள் அண்ணி. முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஞாபகம் அழியும் நோய் என்றார் டாக்டர். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்."

வராந்தாவில் அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "நாள் பூரா கூடவே இருந்தியே, உனக்குமா தெரியல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியும்ணா. வேலை போயிடுமோன்னு மறைச்சுட்டேன்."

"யார் வேலை?"

"அண்ணி வேலைதான்…" என்று ஆரம்பித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் வேலையும்."

அண்ணன் எழுந்துபோய்த் தூரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அதன்பின் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்கு வேறு சமையல்காரர் வந்துவிட்டார். தேய்ப்பு அக்கா தினமும் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவான். அண்ணியைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

"நீ யாரும்மா?" என்று போன வாரம் கேட்டாள் அண்ணி.

"உங்க நாத்தனார், அண்ணி."

"அப்போ உனக்கு அண்ணன் இருக்கானா? உன்னை நல்லாப் பாத்துக்குறானா?"

பக்கத்து அறையில் அண்ணன் செருமுவது கேட்டது. அவள் சிக்கு விழுந்த முடியை மெல்லப் பிரித்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டீங்க, அண்ணி" என்றாள்.